சொல்யூஷன் காயும்வரை

உத்திரமேரூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் கொத்தனார் செல்வம் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"இன்னாண்ணா, அண்ணி தொரத்திட்டாங்களா?" என்றேன்.

"அவ புள்ளைய இட்டுக்கினு நேத்தே பூட்டாடா" என்றவர், சைக்கிளைப் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் நடந்தார்.

பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன். மதகின் மேல் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை அவரே பேசினார், அழுதார். கடைசியில், "பஞ்சர் அப்டியேதான கீது? வா, வந்து ஒட்டு" என்று எழுந்தார்.

இப்போதெல்லாம் பஞ்சர் ஒட்டும்போது, சொல்யூஷன் காயும்வரை நான் வாய் திறப்பதில்லை. அதற்குள் வந்தவர்களே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுப்பாகத்தான் இருக்கிறது. கிண்டல் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிட்டு, "ம், சொல்லுண்ணா" என்கிறேன்.