நாலு பொத்தான்கள்

ராயபுரம் அம்புரோஸ் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் இரும்புக் கம்பிக்கும் உருளைக்கும் நடுவே அவன் வலது கை மாட்டியது. எலும்பு சேர்ந்தது, விரல்கள் அசையவில்லை. "கை சரியானதும் வா, வின்ச் லிவர் உன்னுதுதான்" என்று மேஸ்திரி பக்தவச்சலம் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவன் மனைவி சிலுவையம்மாளுக்குத் திருவொற்றியூர் ரேடியோ பட்டறையில் வயர் பற்றவைக்கும் வேலை. கல்யாணமான புதிதில் தீவுத்திடல் பொருட்காட்சியில், விளக்கைப் பார்த்துப் பொத்தான் அமுக்கும் ஆட்டப் பெட்டி ஒன்றை அவன் விட்டு நகராமல் ஆடியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதுபோல ஒன்றை அவளே செய்தாள். சரக்குப் பெட்டிப் பலகை, நாலு பொத்தான், நாலு நிற பல்பு, டார்ச் பேட்டரி. பொத்தானுக்கு ஒரு வயர் தனித்தனியாகப் போகும். திரும்பி வர மட்டும் எல்லாவற்றையும் கோத்து ஒரே கறுப்பு வயர். அதை அவள் எர்த்து என்பாள்.

விரலுக்கு ஒரு பொத்தான். வேலை முடிந்து வந்ததும் அவள் நிறத்தைச் சொல்ல, அவன் அமுக்குவான். சில வாரங்களில் ஆள்காட்டி விரலுக்குச் சிவப்பு எரிந்தது. பிறகு நடுவிரலுக்கு மஞ்சள். அன்றைக்கு அவன் வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டான்.

பச்சையும் நீலமும் எரியவேயில்லை.

"நான் அமுக்கிக்கினுதான் கீறேன், சிலுவ. பெட்டிதான் பேஜாரு பண்ணுது."

அவள் பின்பலகையைக் கழற்றினாள். அவன் சொன்னது சரி. உப்புக்காற்றில் முனை அரித்து, இரண்டாவது பொத்தானுக்கு அப்பால் கறுப்பு வயர் விட்டுப்போயிருந்தது.

"எர்த்து அறுந்துகீதுய்யா! உன் மேல தப்பே இல்ல!" என்று சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். கை போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

சுரண்டிச் சுத்தம் செய்து புதிதாகப் பற்றவைத்தாள். தன் விரலால் அமுக்கிப் பார்த்தாள். நாலும் எரிந்தன.

"இப்ப நீ."

சிவப்பு எரிந்தது. மஞ்சள் எரிந்தது. மோதிர விரல் பச்சைப் பொத்தான்மேல் கிடந்தது. அவன் தோளும் கழுத்து நரம்பும் இறுகிப் புடைத்தன. விரல் கிடந்தபடியே கிடந்தது. சுண்டு விரலும் அப்படித்தான்.

"இன்னொரு தபா கழட்டிப் பாரேன்."

உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கழற்றினாள். ஒவ்வொரு முனையையும் மெதுவாக, நேரம் எடுத்துக்கொண்டு, இழுத்துப் பார்த்தாள்.

"இன்னா?"

"எல்லாம் சரியா கீதுய்யா."

அவன் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஈஸ்டருக்குள் வின்ச்சுக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அம்புரோஸ் எண்ணூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்து, கேட்டை இடது கையால் திறந்து மூடினான். சாயங்காலம் அவள் பெட்டியை எடுத்தால், "வாணாம் சிலுவ" என்பான். கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.