ஊதாக் குடையும் இரண்டு கழுகுகளும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளை நான் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷமாகப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பத்திரிகையில் கட்டுரைகூட எழுதினேன். அலகு எப்பேர்ப்பட்ட மஞ்சள், அர்ச்சகர் வைத்த சர்க்கரைப் பொங்கலை நோக்கி அவை எப்படித் தத்தித் தத்தி நடந்தன என்றெல்லாம் வர்ணித்துக் கடைசிப் பத்தியில் கண்கலங்கியும் இருந்தேன். அதைப் படித்துவிட்டு, உண்மையாகவே கழுகைப் பார்த்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் "நான் கண்டதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள், அம்மா" என்று கடிதம் போட்டார். நான் பதில் போடவில்லை. இப்போது கழுகுகளும் வருவதில்லை. ஆகவே பொய்யை மெய்யாக்கிக்கொள்ளவும் வழியில்லை.

அவை வந்த நேரத்தில் நான் மலைமேல்தான் இருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, நான், அம்மாவின் தங்கையான சித்தி ஆகிய நால்வர். சித்தி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். காலையில் தெருமுனைக்கு ஒரு நீல நிற பஸ் வரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு அதில் ஏறிப் போவாள். பக்கத்துத் தெருவில் மாமா இருந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், பஸ் டிப்போவில் டைம் கீப்பர். உலகத்தில் எதுவும் தவறலாம், டைமிங் தவறக் கூடாது என்பது அவர் மதம். திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள்மேல் அவருக்கு இருந்த பக்தியும் அந்த வகைதான். "காசில குளிச்சிட்டு, பன்னண்டு மணிக்கு இங்க சாப்ட்டு, ராத்திரிக்கு ராமேஸ்வரம் போய் சேருது. ஒரு நாள் லேட்டு கெடையாது. நம்ம டிரைவருங்களும் கீறானுங்களே!" என்பார்.

அந்தக் கழுகுகளைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று ஒருநாள் மாமா அறிவித்தார். குழந்தை என்பது நான். அப்படியே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கட்டிய கோட்டையையும் காட்டிவிடலாம், துணைக்குச் சித்தி வரட்டும் என்றார். எனக்காக இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று பூரித்துப்போனேன். என்னைச் சாக்காக வைத்துச் சித்தியை ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டப் போகிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் அது ஒரு மரியாதை. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, பஜ்ஜி தின்றுவிட்டு, வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயிலில் என்றால் இரண்டு குடும்பமும் சாமி கும்பிடத்தான் வந்தன. யாரும் யாரையும் காட்டவில்லை, யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிடிக்காவிட்டால் அப்படியே அவரவர் பஸ் ஏறிவிடலாம். கூட்டமாகப் போனால் வேஷம் கலைந்துவிடும் என்பதால் அம்மா வீட்டில் நிறுத்தப்பட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மதுராந்தகம் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்தவர்கள். இரு தரப்பும் தரகரைத் தவிர ஒருவரையொருவர் அறியாததால் மலைமேல் கழுகு வரும் நேரத்தில் தேட அடையாளம் ஒன்று சொல்லி அனுப்பப்பட்டது: வெள்ளைப் புள்ளி போட்ட ஊதா நிற மடக்குக் குடை, அதன்கீழ் ஒரு பெண், பக்கத்தில் பாவாடை கட்டிய குழந்தை. குடை மாமா டிப்போவில் யாரிடமோ இரவல் வாங்கியது. பிடித்திருந்தால் அவர்கள் இரண்டரை மணிக்குப் பூவோடு கோட்டைக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் வரமாட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது. அதை மாமா வந்து சொன்ன சாயங்காலம் சித்தி டிபன் பாக்ஸைத் தேய்த்தாள். ஒரு டிபன் பாக்ஸை அவ்வளவு நேரம் தேய்க்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மலைக்கு ஐநூற்றுச் சொச்சம் படி. நான் ஐம்பதாவது படியிலேயே என் ஆன்மிக வாழ்வை முடித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். வெயில் தலையில் கொட்டியது. கல் காலைச் சுட்டது. மாமா நாலு படி முன்னால் நின்று வாட்சைக் காட்டினார்.

"ஏய், இன்னா உக்காந்துகினே? பன்னண்டுக்குக் கழுகு வந்துடும். உனுக்கோசரம் நிக்குமா அது?"

"கால் வலிக்குது மாமா."

"எட்டு வயசுல இன்னா கால்வலி? எனுக்கு இல்லாத கால்வலி!"

சித்தி என்னை இழுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. நான் உட்கார்ந்தபோதெல்லாம் அவளும் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்ததும் களைப்பு என்றே நினைத்தேன். இப்போது எனக்கு மூட்டுவலி வந்த வயதில், களைப்பில் பல ஜாதி உண்டு என்று தெரிகிறது.

ஒருவழியாக மேலே போனோம். கழுகுகள் இறங்கும் பாறையைப் பார்த்தபடி கூட்டம் உட்கார்ந்திருந்தது. மாமா, ஏற்பாடு செய்ததுபோல் தெரியக் கூடாது என்பதற்காக எங்களை விட்டு விலகிப் போய் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டார். நிழல் ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல நிறம், வட்ட முகம், தலை நிறையக் கனகாம்பரம். வீட்டுக்காரர் சுவாமி தரிசனத்துக்குப் போயிருக்கிறார், தன்னால் இதற்குமேல் ஒரு அடி நடக்க முடியாது என்றாள். பிள்ளைகள் இரண்டையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சித்தி என்னை அவள் பக்கத்தில் உட்காரவைத்தாள். விரித்த குடையை என் கையில் கொடுத்தாள்.

"நான் கற்பூரம் வாங்கியாறேன். இந்த அக்காகூடவே இரு. குடைய அக்காவுக்கும் சேத்துப் புடி, பாவம், வெயிலு."

அந்த அக்கா எனக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தாள். அதில் பாதி தின்றது நினைவிருக்கிறது. பிறகு தலை அவள் மடியில் சாய்ந்தது. பிள்ளைகளைப் போட்டுப் பழகிய மடி. குடையை அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் எனக்கு விசிறினாள். காசியில் குளித்து ராமேஸ்வரம் போகிற இரண்டு பறவைகள் அன்றும் டைமிங் தவறாமல் வந்து பொங்கல் தின்றுவிட்டுப் போயினவாம். நான் விழித்தபோது அந்த அக்கா இல்லை. குடையை மடக்கி வைத்துக்கொண்டு சித்தி உட்கார்ந்திருந்தாள்.

"கழுகு?" என்றேன்.

"போய்டுச்சி."

இறங்கும் வழியில் ஒரே கல்லில் குடைந்த மண்டபம் ஒன்று உண்டு. அதன் சுவரில் அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் தங்கள் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து, மலையேறி, மூச்சுவாங்கி, நிழலில் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல் கிறுக்கியிருப்பார்கள். வரலாற்றில் எனக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்தான். நானும் அங்கே உட்காரப் போனேன். மாமா ரெண்டரை மணிக் கோட்டையைச் சொல்லி எழுப்பிவிட்டார்.

கோட்டை என்றால் கொத்தளம், யானை லாயம், வாசலில் ஒரு சோடாக் கடையாவது இருக்கும் என்று மாமா நம்பியிருந்தார். அங்கே இருந்தது செங்கல் சுவர், அதில் பாதி, சில ஆடுகள், பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னால் டச்சுக்காரர் கல்லறைகள். சுவருக்கு அப்பால் கடல் இருந்ததே ஒழிய, காற்று வரவில்லை. மூன்று மணி ஆயிற்று. மூன்றரை. மாமா வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். நான் ஒரு இடிந்த சுவரின் நிழலில் குடையோடு கிடந்தேன். நாலு மணிக்கு ஒரு அம்பாசிடர் கார் வந்தது. இறங்கிய மாப்பிள்ளைப் பையன் கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப் பூ.

"பூ வந்துடுச்சி!" என்றார் மாமா. டிப்போவுக்குப் புது பஸ் வந்தால்கூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

பையனின் அம்மா நேரே குடையைப் பார்த்து வந்தாள். என் கன்னத்தைக் கிள்ளினாள். சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"கொழந்த இதான். பொண்ணு எங்க?"

"இதாம்மா பொண்ணு," என்று மாமா சித்தியைக் காட்டினார்.

அந்த அம்மா சித்தியை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணாடியை, ஒல்லிக் கையை, நிறத்தை.

"இது யாரு? கொழந்தய மடில போட்டுகினு, முந்தானயால விசிறிகினு குந்தியிருந்துச்சே லட்சணமா ஒரு பொண்ணு, அது எங்கன்றேன்."

"எந்தப் பொண்ணு?"

"இன்னா அண்ணாத்த, காட்றது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணா? தங்கச்சிய தள்ளிவுட இன்னா வேலயெல்லாம் பண்றீங்க!"

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ரோஷம் வந்தது. "நாங்க எங்கம்மா காட்னோம்? நாங்க கொழந்திக்குக் கழுகு காட்ட வந்தோம். நீங்களா பாத்தா நாங்க இன்னா பண்றது?"

நியாயமான பேச்சு. வழக்கப்படி யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆகவே யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை. அந்த அம்மா இடிந்த சுவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாங்களுந்தான் கோட்டய சுத்திப் பாக்க வந்தோம்," என்றாள் கடைசியில்.

சொன்ன பிறகு பார்க்காமல் எப்படிப் போவது? அவர்கள் வலப்பக்கமாகவும் நாங்கள் இடப்பக்கமாகவும் அந்த இடிந்த கோட்டையைப் பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்தோம். அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கோட்டையை யாரும் அவ்வளவு கடுகடுப்பாகச் சுற்றிப் பார்த்திருக்கமாட்டார்கள். பாவம், அந்தப் பையன் கல்லறைக் கதவருகே நின்று, தனக்குத் தெரியாத பாஷையில் செதுக்கியிருந்ததைக் கடைசி வரிவரை படித்தான். கொடுக்கவும் முடியாமல் திருப்பிக் கொண்டுபோகவும் மனமில்லாமல், பூப்பொட்டலத்தை அந்தக் கதவிலேயே செருகிவிட்டுப் போனான். யாரோ ஒரு டச்சுக்காரருக்கு அன்று நாலு முழம் மதுராந்தகத்து மல்லி.

கார் போனதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"குடைய தூக்கிகினு எவ மடிலடி போய் தூங்கின நீ? பேஜாரு புடிச்ச பொண்ணு! உன்னால ஒரு பொண்ணோட வாழ்க்கயே போச்சி!"

சித்தி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின. என்னால்தான் சித்தி அழுகிறாள் என்று நானும் ஓவென்று அழுதேன். பஸ் நிற்கும் இடத்தில் அவள் எனக்கு ஒரு குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். அது முடிந்ததும் இன்னொன்று. வாழ்க்கையைக் கெடுத்தவளுக்கு யாராவது இரண்டு ஐஸ் வாங்கித் தருவார்களா என்று எனக்கு யோசனை வரவில்லை. சித்தியின் பெருந்தன்மை என்று நினைத்து இன்னும் அழுதேன்.

மறுநாள் காலை நீல பஸ் வந்தது. சித்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏறிப் போனாள். முப்பது வருஷத்துக்குமேல் போனாள். நடுவில் தன் இஷ்டப்படி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, மறைமலைநகரிலேயே வீடு கட்டி, ஆபீஸ் சூப்பிரண்டாக ஓய்வுபெற்றாள். நான் மட்டும், அவள் கழுத்தில் தாலி ஏறிய அன்றுகூட, நம்மால் தள்ளிப்போன தாலி இது என்று மூலையில் நின்றேன்.

போன மாதம் அந்த மலைக்கு மறுபடி போனேன். நூறு படியோடு முழங்கால் விடைகொடுத்துவிட்டது. திரும்பும் வழியில் சித்தி வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, களைப்பில் வாய் தளர்ந்து, நாற்பது வருஷப் பாரத்தை இறக்கிவைத்தேன்.

"சித்தி, அன்னைக்கு நான் மட்டும் தூங்காம இருந்திருந்தா..."

சித்தி கண்ணாடியைக் கழற்றினாள். இடிந்த கோட்டையில் பார்த்த அதே தோள் குலுங்கல். இந்தத் தடவை கைக்குட்டை இல்லாததால் அது என்னவென்று தெரிந்தது.

"அடிப்பாவி, இத்தினி வருஷமா அத்த நெனச்சிகினா கீற? கால் மணி நேரம் அந்தக் கூட்டத்த சுத்திச் சுத்திப் பாத்து, எவ நல்லா லட்சணமா குந்திகினு கீறான்னு தேடிக் கண்டுபுடிச்சி வெச்சேன். வேலய வுடச் சொன்னா வேற இன்னா பண்றது?"

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. குற்றவாளியாக இருந்தவள் ஒரு நொடியில் கூட்டாளியாகிவிட்டேனே! ஒரு பெண்ணின் உத்தியோகத்தை எட்டு வயதில் காப்பாற்றிய கை இது என்று கையைப் பார்த்துக்கொண்டேன். இதை வைத்து இன்னொரு கட்டுரை எழுதலாம் என்றுகூடத் தோன்றியது.

"அப்போ என்னாலதான் உன் வேலை தப்பிச்சுதுன்னு சொல்லு சித்தி."

"உன்னாலயா?" சித்தி கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "குடை தனியா நிக்காதேன்னு உன்ன வெச்சேன்டி."