விண்ட் டனலுக்குள் ஏழு நிமிடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்த ஆள்தான். எனக்கு வந்தது பட்டப்பகல், இரண்டே கால் மணிக்கு.

2004 ஜனவரி. வேடசந்தூர் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி, பெயர் வேண்டாம். அங்கே விண்ட் டனலில் எனக்கு வேலை. படுக்கவைத்த பெரிய தகரக் குழாய், அதன் கடைசியில் காற்றைத் தன் பக்கம் இழுக்கிற ஆள் உயர விசிறி. நடுவில் சின்னதாக ஒரு விமான இறக்கை, அதன் அடியில் இன்ஜின் கூடு. ஸ்பின்னிங் மில்லில் வாங்கிய நூலைத் துண்டு துண்டாக இறக்கையில் ஒட்டிக் காற்றை ஓடவிடுவோம். இன்ஜின் எந்த இடத்தில் காற்றைக் கெடுக்கிறது என்று நூல் ஆடுவதிலேயே தெரிந்துவிடும்.

உள்ளே தூசி போகக்கூடாது. செருப்பைக் கதவருகே கழற்றிவிட்டுத்தான் நுழைவோம். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, சுவிட்சைத் தொடக்கூடாது. எங்களுக்கிருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அந்த மாதம் நான் பழனிக்கு மாலை போட்டிருந்தேன். வெறுங்கால். இது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

சுவிட்ச் போடுகிற மிக்கேல்ராஜ் டீ குடிக்கப் போயிருந்தான். ஒரு ஸ்குரூ உருண்டு விசிறிப் பக்கம் போய்விட்டது. எடுக்காவிட்டால் விசிறி உடையும். தவழ்ந்து உள்ளே போனேன்.

2.15. ஸ்குரூ கிடைத்தது. திரும்பிப் பார்த்தேன். விசிறி ஓடவில்லை. ஆனால் இறக்கையில் இருந்த நூல்கள் மெல்ல எழுந்தன... அதுவும் எதிர்ப்பக்கமாக. எனக்குப் பின்னால், விசிறிப் பக்கமிருந்து, யாரோ ஊதியதுபோல.

2.16. டக். கதவு மூடியது. கும்மிருட்டு. என் ரேடியம் வாட்ச் மட்டும் தெரிந்தது.

"ஏலே மிக்கேலு, நான் உள்ள இருக்கேன்."



2.17. ம்ம்ம்ம்... விசிறி கிளம்பியது.

தகரத்தில் ஓங்கித் தட்டினேன். டம்... டம்... டம்... காற்றின் வேகம் கூடியது. வழவழப்பான தகரம், பிடிக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சறுக்கினேன்.

'முருகா' என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. மகள் தமிழ்மதிக்கு அப்போது இரண்டு வயது. அவள் முகம்தான் வந்தது. அழுதேன்.

இன்னும் ஆறடி...

தட்டினேன். வேகம் கூடியது.

நாலடி...

வேட்டி நுனி... சரக்.

2.24. கரண்ட் போனது.

விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. கரண்ட் போனால் கண்டபடி திட்டுகிற வாய் எனக்கு. அன்றிலிருந்து திட்டுவதில்லை.

கதவு திறந்தது. மிக்கேல்ராஜ். என்னைப் பார்த்தான். சட்டென்று தன் பின்னால் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்டா சுவிட்சப் போட்ட?"

"நீங்கதாண்ணே போடச் சொன்னீங்க. இம்புட்டு நேரமும் எம் பக்கத்துலதான நின்னீங்க."

அங்கே யாரும் இல்லை.

"உள்ள தட்டுற சத்தம் கேக்குதேண்ணேன்னு கூடக் கேட்டேன்..."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"



"'எனக்கும் கேக்குது. வேகத்தக் கூட்டு'ன்னீங்க."