வீட்டை விட்டுப் போகக் கூடாத கை

பாண்டீஸ்வரியின் வலது கையை நம்பித்தான் ஜெர்மனிக்கு விளக்குப் போகிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அவளுடைய அண்ணன் கண்ணுச்சாமி சிரிக்க மாட்டார்.

கருமாத்தூர் பக்கம் மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு மதுரைக்கு வந்த குடும்பம் அது. கண்ணுச்சாமி ஆனையூரில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டத் தொடங்கினார். குலசாமி பெயரில் ஒச்சாண்டம்மன் எலக்ட்ரிகல்ஸ். பூசை போட்ட அன்று ஊரிலிருந்து வரவேண்டிய பெரியவர்களுக்கு பஸ் கிடைக்கவில்லை. நல்ல நேரம் போய்விடுமே என்று, சட்னி அரைத்துக்கொண்டிருந்த தங்கச்சியைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அவள் போட்டாள். அன்று சாயங்காலமே ஒரு திருவிழாக் கமிட்டி வந்து, தேரோடும் வீதி முழுக்க விளக்குக் கட்ட ஆள் வேண்டும் என்றது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அந்தக் காக்காயைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட வேண்டும் என்று கண்ணுச்சாமிக்குத் தோன்றிவிட்டது.

அதன் பிறகு எந்தப் புது விளக்கும் அவள் கை படாமல் எரிந்ததில்லை. வாடகைக்கு விளக்குக் கட்டியவர்கள் டியூப் லைட் செய்தார்கள், பிறகு எல்.இ.டி. செய்தார்கள். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு கன்டெய்னரிலும் முதல் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது அவள்தான். மற்ற நேரமெல்லாம் மூன்று வேளைச் சமையலும், பல்புகளை எரியவிட்டுப் பார்க்கும் வேலையும். இந்தக் கையைக் கட்டிக் கொடுத்தால் ராசி புருஷன் வீட்டுக்குப் போய்விடும் என்று ஒரு சோசியன் சொன்னான். அந்தச் சோசியனுக்கு நாக்கு அழுகியிருக்க வேண்டும். அழுகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறான்.

இலங்கைக்கு முதல் சரக்குப் போன வருடம் தவசி பெண் பார்க்க வந்தான். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். "எங்க ஊருல பாதி நாளு கரண்டே இருக்காது. பரவாயில்லையா?" என்று அவளிடமே நேராகக் கேட்டான். பரவாயில்லை என்று தலையாட்டினாள். அவனோடு அந்த இருட்டில் குடியிருக்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பிறகு அங்கிருந்து யாரும் வரவில்லை.

"அவுகளுக்குப் பிடிக்கலயாம் தாயி," என்றார் அண்ணன். "விடு. இந்த ஆர்டர் போயிரட்டும். ராசா மாதிரி வேற ஒருத்தன் வருவான்."

துபாய் ஆர்டர் வந்தபோது ஒரு வாத்தியார் வந்து போனார். கென்யாவில் தெருவிளக்கு போட்டபோது ஒரு டிராக்டர்காரர். நாடு ஒவ்வொன்றும் ஒரு மாப்பிள்ளையை விழுங்கியது. எல்லாருக்கும் அவளைப் பிடிக்காமல் போனது. தன் முகத்தில் என்ன கோளாறு என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

இப்போது வாடிப்பட்டிப் பக்கம் புது ஃபேக்டரி. ஒச்சாண்டம்மன் வெள்ளைக்காரன் வாயில் நுழையாது என்று, கண்ணுச்சாமியின் மகன் ராம்கி அதை 'ஓச்சா லைட்டிங்' ஆக்கியிருந்தான். திறப்பு விழாவுக்கு ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விழாவுக்கு முதல் நாள் பூமாலை வாங்க மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போன பாண்டீஸ்வரியை, வெற்றிலைக் கட்டோடு நின்ற ஒருவர் உற்றுப் பார்த்தார். தவசி. தலை நரைத்திருந்தது. பக்கத்தில் மனைவி, கல்யாண வயதில் ஒரு மகள்.

"சொகமா இருக்கியா தாயி?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இப்ப அந்த வலிப்பு வாரதில்லையே?" என்று கேட்டார்.

"எந்த வலிப்பு?"

தவசி திகைத்துப்போனார். "ஒங்கண்ணந்தான் சொன்னாரு. பொய் சொல்லிக் கட்டிவச்ச பாவம் எனக்கு வேணாம், அடிக்கடி விழுந்துருவான்னு. எங்காத்தா பயந்துருச்சு. எனக்கு மனசே ஆறல."

பாண்டீஸ்வரி மாலைகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வழி நெடுக அழுதாள். தவசிக்குத் தன்னைப் பிடித்திருந்தது என்பதற்காகவும் அழுதாள், அதை இப்போது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பதற்காகவும் அழுதாள்.

விடிந்தும் விடியாமல் கண்ணுச்சாமி அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனார். பின்பக்கக் கதவைத் திறந்தார். விருந்தாளி யாரும் வந்திருக்கவில்லை.

"ராம்கி மாமியா வீட்டுல ஒரு பேச்சு வந்துருச்சு," என்றார். "கல்யாணம் காச்சி இல்லாதது கையால ஆரம்பிக்கலாமாங்குறாக. சுமங்கலிதான் போடணுமாம். சபையில மருமக போடட்டும். எதுக்கும் நீ இப்ப ஒருக்கா போட்டு அணைச்சுரு. ஆருக்கும் தெரிய வேணாம்."

கல்யாணம் ஆகாதபடி வைத்திருந்தவரே இதைச் சொன்னார். சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடக் குழறவில்லை.

"எனக்கு வலிப்புன்னு தவசிகிட்டச் சொன்னியாண்ணே?"

கண்ணுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லார்ட்டயுந்தான் சொன்னேன். சொல்லாம விட்ருந்தா இம்புட்டும் ஏது? நீ சோழவந்தான்ல களை பறிச்சுக்கிட்டு இருந்திருப்ப."

"நான் அதுக்குத்தாண்ணே ஆசப்பட்டேன்."

"நல்ல நேரம் போகுது," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் இழுத்தாள். அவர் விடவில்லை. விரலைப் பிரித்து சுவிட்சில் வைத்து அழுத்தினார். ஃபேக்டரி முழுக்க வெள்ளை வெளிச்சம் அடித்தது. உடனே அணைத்துவிட்டு, போய்ப் புதுச் சேலை கட்டிக்கொள்ளச் சொன்னார்.

பத்து மணிக்குச் சபை நிறைந்திருந்தது. சொந்தபந்தம், வியாபாரிகள், முன்வரிசையில் ஜெர்மனிக்காரர் இருவர், கழுத்தில் மாலையோடு. ராம்கியின் மனைவி சுவிட்சுக்குக் கை நீட்டினாள். ஓரத்தில் தாம்பாளத்தோடு நின்ற பாண்டீஸ்வரி அதைப் பார்த்தாள். அண்ணன் வாய்க்கு வாய் சொன்ன அந்த வலிப்பை அவர் சபையிலேயே காட்டிவிடுவது என்று அந்த நிமிடத்தில் முடிவெடுத்தாள். திறப்பு விழா நாறட்டும். முதல் விளக்கு எரியும்போது வீட்டுப் பெண் விழுந்து கிடந்தால் அதைவிடக் கெட்ட சகுனம் என்ன இருக்கிறது? தாம்பாளத்தைக் கீழே போட்டாள். விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க, வாயில் எச்சில் வழியவிட்டாள்.

கூட்டம் கலைந்து ஓடிவந்தது. இரும்பு, இரும்பு என்றார்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று நம்புகிற ஊர். கண்ணுச்சாமி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் திணித்து, விரல்களைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்தார். எல்லாரும் பார்க்க அவர் கண்ணில் நீர் வழிந்தது.

"பாவம், நெசமாவே இருக்கு பாரேன்," என்றாள் ஒருத்தி. "நான்கூட அந்தாளு தங்கச்சிய வேலைக்கு வச்சுக்கிட்டு கட்டிக் குடுக்கலன்னு ஏசியிருக்கேன்."

"இம்புட்டு வருசம் வச்சுக் காப்பாத்தியிருக்காரு. ஆரு செய்வா?" என்றாள் இன்னொருத்தி.

கண்ணை மூடிக் கிடந்த பாண்டீஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. எழுந்து உட்கார்ந்து, பொய் என்று கத்தலாம். கத்தினால் பைத்தியமும் பிடித்துவிட்டது என்பார்கள். ராம்கி ஜெர்மனிக்காரர்களிடம் இங்கிலீஷில் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். பேமிலி, பேமிலி என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அவர்களில் ஒருவர் குனிந்து கண்ணுச்சாமியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை வலித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் அறைக்குக் கண்ணுச்சாமி அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். காலையில் சுவிட்சு போட வைத்த அதே மனிதர்தானா என்று சந்தேகம் வரும்படி முகம் குளிர்ந்திருந்தது. கட்டிலில் அவள் காலடியில் உட்கார்ந்தார். அவள் செத்துப்போகலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெர்மனிக்காரன் ரெண்டு கன்டெய்னர் சேத்துக் கேட்டுட்டான் தாயி," என்றார். "நோவுபட்ட பிள்ளையக் கைவிடாத குடும்பத்துகிட்ட நம்பி வியாபாரம் பண்ணலாம்னு சொல்லிட்டான். ஒன் ராசி எங்கயும் போகல."

அல்வாவைப் பிய்த்து அவள் கையில் வைத்தார்.

"இனி ஒரு பயலும் பொண்ணு கேட்டு வரமாட்டான், அந்தத் தொந்தரவும் விட்டுச்சு. மொதக் கன்டெய்னரு தையில போகுது. வெள்ளன எந்திரிச்சுக் குளிச்சுட்டு வந்துரு."