சித்தப்பாவும் யப்பான்காரரின் பெட்டியும்

டென்மார்க்குக்கு வந்த தமிழர் தங்கள் குடும்பங்களை அழைக்கப் போட்ட விண்ணப்பங்கள் தலைநகர் கொப்பன்ஹேகனில் கிடப்பில் கிடந்த வருடங்கள் அவை. சித்தி விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார். ரண்டர்ஸ் நகரில் எங்களோடு இருந்த சித்தப்பாவுக்கு ஒரு நம்பிக்கை: டேனிஷ் நன்றாகப் பேச வந்துவிட்டால் சித்தியை வர விடுவார்கள். யார் அப்படிச் சொன்னார்களோ தெரியாது. எனக்கு ஒன்பது வயது; நானும் நம்பினேன்.

மொழிப் பள்ளியில் ஆளுக்கொரு பெரிய மனிதரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சித்தப்பா நூலகத்தில் படங்கள் நிறைந்த புத்தகமாகப் பார்த்து எடுத்து வந்தார். அதில் இருந்தவர் ஒரு யப்பானியக் கட்டடக் கலைஞர். அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, சாமான் கொள்ளவில்லையென்று பெட்டியின் உள்தடுப்புகளைக் கழற்றிவிட்டாராம். பெட்டி வழியிலேயே நசுங்கிப்போனது. இன்னொரு பயணத்தில் தடுப்புகளை விட்டுவைத்தார்; பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கட்டடங்களுக்குள்ளும் அதுபோல உறுதியான குறுக்குச் சுவர்களை வைத்தார். டோக்கியோவைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியபோது அவை நின்றன. பின்னாளில் உயரமான கோபுரங்களும் கட்டினார்.

வீட்டில் டேனிஷ் வாத்தியார் நான்தான். நிலநடுக்கத்துக்கு ‘யோர்ஸ்கெல்வ்’ என்று சொல்ல வேண்டும். சித்தப்பா எழுத்தில் மட்டும் இருக்கும் ‘ட்’டையும் நடுவில் போட்டு, அதை விழுங்கப் பார்த்து, இருமுவார்.

“தொண்டைக்குள்ளால சொல்லுங்கோ, சித்தப்பா.”

“எனக்கு ஒரு தொண்டைதானே பிள்ளை இருக்கு!”

செய்து காட்டுவதற்காக, போத்தல்கள் அடுக்கி வரும் இரண்டு மட்டைப் பெட்டிகளைக் கடையில் கேட்டு வாங்கினோம். ஒன்றில் தடுப்புகளை உருவிவிட்டு, ஒத்திகைக்கு அப்பாவை அதன்மேல் இருத்தினோம். அடுத்த கணம் அப்பாவின் கால்கள் மேலே நின்றன.

“இனி நிலம் நடுங்கினா என்னைக் கூப்பிடாதேங்கோ!” என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பருப்பு தீய்ந்தது.

பேச்சு நாளன்று நானும் போனேன். அம்மா அயன் செய்து கொடுத்த சட்டையில் சித்தப்பா விறைத்து நின்றார். ஆனால் ‘யோர்ஸ்கெல்வ்’ வழுக்கிக்கொண்டு வந்தது. வகுப்பிலேயே பருமனான ஈரான்காரர் தடுப்புள்ள பெட்டியின்மேல் இருந்து, ஆடாமல் அசையாமல் ஒரு கோப்பை கோப்பி குடித்து முடித்தார். எல்லோரும் மேசையைத் தட்டி ஆரவாரித்தார்கள். ஆசிரியை, தான் கேட்டவற்றில் இதுதான் சிறந்த பேச்சு என்று சொல்லி, கேக் வெட்டினார்.

சித்தப்பா கேக்கைத் தொடவில்லை. டேனிஷில் மெதுவாகக் கேட்டார்: “இனி என் மனைவி வரலாம்தானே?”

ஆசிரியையின் முகம் சிவந்தது. கத்தி பாதிக் கேக்கில் நின்றுவிட்டது. சித்தப்பாவின் உச்சரிப்புத்தான் பிழையாகிவிட்டது என்று நினைத்தேன். கதிரையை விட்டு எழுந்து, எனக்குத் தெரிந்த மிக நல்ல டேனிஷில், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி அதே கேள்வியைத் திரும்பச் சொன்னேன். ஆசிரியை என் தலையைத் தடவிவிட்டு, எனக்கு ஒரு பெரிய துண்டாக எடுத்து வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது, “நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?” என்று கேட்டேன்.

“இல்லையம்மா, நீ வடிவாத்தான் சொன்னனி. அவவுக்குத்தான் விளங்கேல்லைப் போல.”

டேனிஷ்காரிக்கே டேனிஷ் விளங்காதா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.