நேர்ந்துவிட்ட சேவல்

எங்கள் வீட்டுக் கோழி முட்டையில் மீன் வாடை அடிக்கும். சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. தூத்துக்குடியில் கடலுக்கு அடுத்த தெருவில் வளரும் கோழிக்கு வேறு என்ன கிடைக்கும்? சாளைத் தலை, நெத்திலிக் குடல், மீன் கழுவிய தண்ணீரில் ஒதுங்கும் செதில். புறவாசல் மூலையில் பழைய சிப்பி ஓடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அம்மா அதில் ஒரு கை அள்ளிக் குழவியால் நொறுக்கிப் போடுவாள். முட்டை ஓடு கெட்டியாகும் என்பாள். கெட்டியாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் நாள் முழுக்கத் தெருமுனையில் உறுமும். எங்கள் கோழிகள் எதையும் சட்டை செய்யாது. அவற்றுக்கு அவற்றின் வழக்கே பெரிது. கருப்பி என்று ஒரு பெட்டை. அது வாய் வைத்த பிறகுதான் மற்றதெல்லாம் தீனியை நெருங்கலாம். அவசரப்பட்டு முந்தினால் மண்டையில் ஒரு கொத்து. சாயங்காலம் பஞ்சாரக் கூடைக்குள் போவதற்கும் அதே வரிசை. கடைசியில் மொட்டைக் கழுத்துக் கோழி ஒன்று, எல்லாரிடமும் கொத்து வாங்கி வாங்கி, சுவரோரமாகவே நடக்கும். எங்கள் தெருப் பெண்களிலும் ஒரு கருப்பி உண்டு, ஒரு மொட்டைக் கழுத்தும் உண்டு. யார் யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றுக்கும் நடுவில் சேவல். செம்பு நிறம், பச்சை மின்னும் வால். அதனிடம் ஒரு குணம் இருந்தது. நல்ல இரை கிடைத்தால் தான் விழுங்காது. அலகால் தூக்கும், கீழே போடும், மறுபடி தூக்கும், "கொக், கொக், கொக்" என்று அழைக்கும். பெட்டைகள் ஓடிவந்து பிடுங்கித் தின்னும். அது கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பார்த்து நிற்கும். அப்பாவும் அப்படித்தான் என்று அம்மா சிரிப்பாள். கொழும்பிலிருந்து வந்தால் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எங்கள் மேல் போட்டுவிட்டு, தான் பழைய கைலியோடு நிற்பார்.

அப்பா தோணியில் வேலை பார்த்தார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணி. ஒரு கார்த்திகை மாதம் காற்று மாறியது. கூடப் புறப்பட்ட தோணிகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. அப்பாவின் தோணி வரவில்லை.

அன்றைக்கு அம்மா சேவலைப் பிடித்தாள். அப்பாவின் கைலியில் ஒரு துண்டு கிழித்து அதன் வலது காலில் கட்டினாள். அவர் திரும்பி வந்தால் இந்தச் சேவல் அந்தோணியார் கோயிலுக்கு. எங்கள் கரையில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, வீட்டில் அறுக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: கோயிலுக்குக் கொடுக்கிற நாளில் அதன் உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது. கொண்டை கிழிந்ததை, கண் போனதை யாரும் கொண்டுபோக மாட்டார்கள்.

இந்தக் கடைசி விதியை அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சேவல் முழுசாக நிற்கிற வரைக்கும் நேர்ச்சை நிற்கும், நேர்ச்சை நிற்கிற வரைக்கும் அவர் எங்கோ ஒரு கரையில் இருப்பார். இதுதான் அவள் கணக்கு. மாமா முத்தையாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிப் பார்த்தார்.

"ஏளா, இன்னும் எத்தன நாளைக்கு இப்படி இருக்கப் போற? சாமியார்ட்ட சொல்லி அவருக்கு ஒரு பூச வச்சிருவோம். ஆத்துமம் அலையும்லா."

"உசுரோட இருக்கவருக்கு எதுக்குண்ணே ஆத்துமப் பூச? சேவல் நிக்கில்லா, பாக்கலயா?"

மாமா சேவலைப் பார்த்தார். அது சாம்பல் குழியில் புரண்டு குளித்துக்கொண்டிருந்தது. அவர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

கோழிக் கூட்டத்தில் சேவலுக்குப் பகை வெளியிலிருந்து வருவதில்லை, அதன் முட்டையிலிருந்தே வரும். குஞ்சுகளில் ஒரு பயல் கொண்டை சிவந்து, தொண்டை கரகரக்கக் கூவிப் பழகுவான். பிறகு ஒரு நாள் கிழட்டுச் சேவலுக்கு எதிரே கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பான். அம்மா அந்த நாள் வர விடவில்லை. முதல் கூவல் கேட்ட அன்றே அந்தச் சேவல் குஞ்சு குசினிக்குள் போய்விடும். அப்பா இல்லாத வீட்டில் எங்கள் அளவுக்குக் கோழிக் குழம்பு சாப்பிட்டவர்கள் இருக்க மாட்டார்கள். தெருச் சேவல் சுவரேறினால் விளக்குமாற்றோடு ஓடுவாள். எனக்கு அந்தச் செம்புச் சேவலைக் கண்டாலே எரியும். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம், அதற்குத் தும்மல் வந்தால் நேர்ச்சை மெழுகுவர்த்தி.

சேவலுக்கு வயதாயிற்று. கருப்பி அடையில் உட்கார்ந்தது. ஒன்றும் பொரியவில்லை. அம்மா ஒவ்வொரு முட்டையாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் கூமுட்டை. கருப்பி எழுந்திருக்க மறுத்து, சிறகை விரித்து, வெறும் வைக்கோலை அடைகாத்தது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, எங்க சேவல ரெண்டு நாளைக்கு விடுதேன். இல்லன்னா ஒங்க கோழிக் குலமே அத்துப் போவும்."

"வேண்டாங்க்கா. வந்தா இதக் கொத்திப் போடும்."

"போனா வேற சேவல் கிடைக்காதா?"

அந்த அக்காவும் தோணிக்காரர் பெண்சாதிதான். கேட்ட பிறகு அவளுக்கே புரிந்திருக்க வேண்டும், தலையை இழுத்துக்கொண்டாள்.

அப்படியே ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்றைக் கீரி கொண்டுபோனது. மொட்டைக் கழுத்து ஒரு மழைக்குப் பிறகு சுவரோரமாகவே செத்துக் கிடந்தது. குறைந்த இடத்தை நிரப்பக் குஞ்சு இல்லை. பிறகு ஒரு கோடையில் தெரு முழுக்க வெள்ளைக் கழிச்சல் வந்தது. மிஞ்சியிருந்த பெட்டைகள் தலை தொங்கிப் போயின. கருப்பி கடைசி. சேவலை மட்டும் அம்மா குசினிக்குள் வைத்து, மஞ்சளும் உள்ளியும் அரைத்து உருண்டையாக ஊட்டினாள். அது பிழைத்துக்கொண்டது. கொண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தோணியாருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கலாம்.

அது வெளியே வந்த காலை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அம்மா கிணற்றடியில் சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு தலையை எறிந்தாள். சேவல் தூக்கியது, கீழே போட்டது, "கொக், கொக், கொக்" என்றது. பஞ்சாரம் கவிழ்ந்து கிடந்தது. சாம்பல் குழி காலியாக இருந்தது. மறுபடி தூக்கியது, மறுபடி அழைத்தது. சுவரோரம் போய் அழைத்தது. பூவரச மரத்தடிக்குப் போய் அழைத்தது. தின்னவே இல்லை. எனக்கு அதன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்துவிட்டது. யாராவது போய் அதை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். சேவல் புறவாசல் முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியில் அவளிடம் வந்தது. மண் ஒட்டிய சாளைத் தலையை அவள் காலடியில் போட்டு, அவளைப் பார்த்து அழைத்தது.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஒங்கோழியெல்லாம் செத்துப் போச்சுல்லா. இனி வராது. எத்தன தடவ கூப்பிட்டாலும் வராது. எங்க வீட்டு ஆளும் வரமாட்டாவ. நீ தின்னு."

பிறகு அதை மடியில் பிடித்து வைத்து, காலில் இருந்த துணியை அவிழ்த்தாள். சதையோடு ஒட்டிப்போயிருந்தது. நூல் நூலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கைலியின் நிறம் எப்போதோ போய்விட்டது. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து, அம்மா ஓவென்று அழுதாள். அவள் அவரைப் பெயர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டு அக்கா சுவரேறிக் குதித்து வந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். செதில் சிதறிய தரையிலேயே அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே அழுதார்கள். அப்பா செத்த வீடாக எங்கள் வீடு அன்று காலையில்தான் ஆனது.