கடல் காற்றுக்குக் காத்திருந்தோம்

எங்கள் தெருவில் யாராவது இருமினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மணலிக் கம்பெனிகள் பக்கமிருந்து புகைக் காற்று அடித்தால் தெருவே இருமும். மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்தால் தெருவே ஓயும். அதனால் டாக்டரைவிடக் காற்றைத்தான் நாங்கள் நம்பினோம்.

என் வீட்டுக்காரர் டேங்கர் லாரி ஓட்டினவர். போன வருஷம் மழைக்குப் பிறகு ஃப்ளூ காய்ச்சல் வந்து நாலு நாள் சுருண்டு கிடந்தார். ஐந்தாம் நாள் விட்டது. வஞ்சிரக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் உடம்பு கொதித்தது. கூடவே இருமல்.

"இன்னா, லாரி ஸ்டார்ட் ஆவலியா?" என்றேன் அடுப்படியிலிருந்து, அவர் இருமலைக் கேட்டு.

"நீ வந்து தள்ளேன்மே. சும்மா நின்னுகினு கீற."

சிரித்தவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆசுபத்திரிக்குப் போலாமா?"

"கம்பெனிப் பொகைமே. கடல் காத்து வரட்டும், சரியாப் பூடும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அன்றைக்குக் காற்று வரவில்லை. மறுநாள் மதியம் வந்தது. எதிர்வீட்டு இருமல் நின்றது. பக்கத்து வீட்டு இருமலும் நின்றது. தெருவில் அவர் இருமல் மட்டும்தான் கேட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதுதான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

"ஃப்ளூவுல நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருக்கும்மா. அதுல வேற கிருமி பூந்து நிமோனியா ஆயிடுச்சு. காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்துச்சே, அப்பவே கூட்டி வந்திருக்கணும்," என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

இந்த வருஷம் எனக்கு வந்தது. அதே மாதிரி விட்டது, அதே மாதிரி திரும்பியது. நன்றாகச் சத்தமாகவே இருமிப் பார்த்தேன். கிண்டல் பண்ண ஆளில்லை. காற்று எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

"காய்ச்சல் எப்போம்மா திரும்புச்சு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இன்னிக்குக் காலீல."

"கரெக்டா வந்துட்டீங்க. நிறைய பேரு லேட் பண்ணிடுறாங்க. கூட யாரு?"

"யாருமில்ல. நானே தள்ளிகினு வந்தேன்."

அவள் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். ஊசி போட்டுப் படுக்கவைத்தாள்.

கரெக்டாக வந்துவிட்டேனாம். இதை யாரிடம் பீற்றிக்கொள்வது? பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.